மூன்றாவது விடை

கஸ்பார் உயிரோடு இருக்கிறானா, செத்துவிட்டானா என்று புதிய கணி கேட்டது. ஜெசிந்தா குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"இரண்டில் ஒன்றைத் தொடுங்கள்" என்றது கணி. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. அவசரமே அறியாத குரல். திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'இருக்கிறார்', இன்னொன்றில் 'இறந்துவிட்டார்'.

காலையிலிருந்து சிப்பிக்குடியின் கோப்புகள் பழைய ஊர்க்கணியிலிருந்து புதியதற்குப் பெயர்ந்துகொண்டிருந்தன. ஐஸ் ஆலைக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறைதான் ஊருக்கு மூளை. படகு எஞ்சினைத் திறந்துவிடுவது, அரிசி அளப்பது, குழாயில் தண்ணீர் விடுவது, பிடித்துவந்த மீனைப் பங்கு பிரிப்பது, காய்ச்சல்காரனுக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் ஊர்க்கணியின் வேலை. அதைத் துடைத்துத் தூசி தட்டி, அது கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுவது ஜெசிந்தாவின் வேலை. பழசின் உடம்பை உப்புக்காற்று தின்றுவிட்டது. மழை நாளில் பாதிப் பேச்சில் தூங்கிப்போகும். அதனால் மாவட்டத்திலிருந்து புதுசு வந்திருக்கிறது. கொண்டுவந்தவன் மகிழ்நன் என்கிற பெயர்வு அலுவலர். பெயருக்கேற்ற முகம்தான், ஆனால் இன்னும் மூன்று ஊர் பாக்கி என்று வேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரிசிக் கோப்பு, தண்ணீர்க் கோப்பு, படகுக் கோப்பு எல்லாம் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தன. ஆள்கோப்புக்கு வந்ததும் புதுசு மக்கர் பண்ணியது.

"சார், இதுல இன்னொண்ணு இருக்கணும். பழசுல 'தெரியவில்லை'ன்னு மூணாவது கட்டம் உண்டு. எங்க வீட்டுக்காரவுகளுக்கு அதுதான் போட்டிருக்கு" என்றாள் ஜெசிந்தா.

"அதைத்தான்க்கா தூக்கிட்டாங்க. மாநிலம் பூராவும் லட்சக்கணக்கில 'தெரியவில்லை' தேங்கிக் கிடந்துச்சு. சொத்து முடிவாகல, ரேஷன் முடிவாகல, எதைக் கேட்டாலும் அடுத்த மாசம் வா. புதுசுக்குத் தேக்கமே கிடையாது. கேட்ட மாத்திரத்தில விடை."

"எனக்குத் தெரியாதே, நான் எதைத் தொட?"

மகிழ்நன் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். குரல் கொஞ்சம் இறங்கியது. "கீழ 'உய்த்தறிக'ன்னு இருக்கு பாருங்க. அதைத் தொட்டா இருக்கிற தகவலை எல்லாம் கோத்து அதுவே கண்டுபிடிச்சுச் சொல்லிரும். நமக்குத் தெரியாததும் அதுக்குத் தெரியும்க்கா."

கஸ்பார் போனது முந்தின ஆண்டு ஐப்பசியில். புயல் கொடி ஏறுவதற்கு முன்னால், விட்டுவந்த வலையை எடுத்துவருகிறேன் என்று தனியாகப் போனான். வலையும் வரவில்லை, படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அன்றிலிருந்து ஜெசிந்தா யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லிவந்தாள்: தெரியவில்லை. இருக்கிறான் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் தன் கையாலேயே அவன் கழுத்தை நெரித்தமாதிரி. அந்தப் பதிலின்மேல்தான் இத்தனை நாளும் சமைத்தாள், படுத்தாள், எழுந்தாள். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டு, ஏதாவது ஒன்றைச் சொல் என்கிறது இந்தப் பெட்டி.

உய்த்தறிக என்பதைத் தொட்டாள்.

கணி கண்ணிமைக்கும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "கஸ்பார் இருக்கிறார்" என்றது. அடுத்த கோப்பு சந்தியாகுவினுடையது. அவனும் அதே புயலில் வேறு படகில் போய்த் திரும்பாதவன். அதற்கும் அவள் அதையே தொட்டாள். "சந்தியாகு இறந்துவிட்டார்" என்றது. பிறகு மற்றக் கோப்புகளெல்லாம் ஆற்றுத் தண்ணீர்போல ஓடி முடிந்தன. பழசின் பச்சை விளக்கு அணைந்தது.

"பழசு அழிஞ்சிருச்சா சார்?"

"ஆமாக்கா. மாத்தி முடிச்சதும் தன்னால அழிஞ்சிரும். ஒரு ஊருக்கு ரெண்டு வாய் இருந்தா ஆகுமா?" என்று சொல்லிவிட்டு மகிழ்நன் வேனில் ஏறினான். ஜெசிந்தா அவன் பேசியதைக் கேட்கவே இல்லை. இருக்கிறார் என்ற அந்த ஒரு சொல் அவள் காதை அடைத்திருந்தது.

சேதி காட்டுத்தீயாகப் பரவியது. கஸ்பாரின் தம்பி தொம்மை வலை பின்னிக்கொண்டிருந்தவன், ஊசியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். "மதினி, மெய்யாவா? எங்க இருக்காவளாம்?"

எங்கே என்று கணியைக் கேட்டார்கள். "இடம் பற்றிய தகவல் இல்லை. இருக்கிறார்" என்றது. அதுவே போதும் ஊருக்கு. இடத்தை ஊரே கண்டுபிடித்துக்கொண்டது. மாலத்தீவுச் சிறையில் இருக்கிறான் என்றார்கள் பாதிப் பேர். பவளத்திட்டில் ஒதுங்கி ஆமை முட்டை தின்று பிழைக்கிறான் என்றார்கள் மீதிப் பேர். ஜெசிந்தா அன்றைக்கு இரண்டு வாய் அதிகமாகவே சாப்பிட்டாள். பரண்மேல் கிடந்த ஊதா நிறச் சேலையை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டாள்.

பவுலின் வீட்டில்தான் ஒப்பாரி. சந்தியாகுவின் அக்காள் அவள். மனைத் தகராறில் தம்பியோடு பல வருஷமாகப் பேச்சில்லை. "மெசின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மூக்கைச் சிந்திவிட்டு, உடல் இல்லாத பெட்டிக்குப் பூசை வைத்து அடக்கம் செய்தாள். பேச்சில்லாத தம்பிக்கு இவ்வளவு கண்ணீர் எங்கே வைத்திருந்தாள் என்று ஊர் ஆச்சரியப்பட்டது.

புதுசைச் சிப்பிக்குடி தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. வயிற்றுவலி என்று போனால், பார்க்கலாம், நாளைக்கு வா என்று பழசு இழுக்கும். புதுசு உடனே காரணம் சொல்லி மாத்திரை தந்தது. யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டையிட்டது என்பதற்குக்கூடத் தீர்ப்புச் சொன்னது. சொன்னதெல்லாம் சரியா என்று யாரும் பார்க்கவில்லை. தயங்காமல் சொல்லுகிறவன் பேச்சுக்குத்தானே என்றைக்கும் மதிப்பு.

அந்த வாரக் கடைசியில் கோயில் மணி அடித்தது. பூசைக்கு அடிக்கிற மணி இல்லை; விடாமல் அடிக்கிற மணி. ஜெசிந்தா கையில் இருந்த கரண்டியோடு கடற்கரைக்கு ஓடினாள்.

ஆள்தேடி திரும்பி வந்துகொண்டிருந்தது. கடலில் ஒருவர் காணாமல்போனால் அவர் பேருக்கு ஒரு ஆள்தேடியை அரசாங்கம் இறக்கிவிடும். குடம் அளவு மிதவை; முதுகில் சூரியத் தகடு, வயிற்றில் தண்ணீருக்குள்ளும் கேட்கிற காது. அந்த ஆள் கிடைக்கிறவரை அது அலையும். பகல், இரவு, புயல் எதற்கும் கரைக்கு வராது. வந்தால் ஆளோடுதான் வரும், உயிராகவோ உடலாகவோ. அதனால்தான் மணி.

வந்தது. பின்னால் யாரும் இல்லை. அலை அதை மணலில் தள்ளியது. பாசி பிடித்த வயிற்றிலிருந்து கரகரத்த குரல் வந்தது. "கஸ்பார் உயிரோடு இருப்பதாக உறுதிசெய்யப்பட்டுள்ளது. தேடல் நிறுத்தப்பட்டது."

"உறுதி செஞ்சது யாரு?" என்று தொம்மை கத்தினான்.

"சிப்பிக்குடி ஊர்க்கணி."

ஊர் முழுக்க ஜெசிந்தாவைப் பார்த்தது. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மணலில் உட்கார்ந்துவிட்டாள். தெரியவில்லை என்று இருந்தவரைக்கும்தான் அது தேடியிருக்கிறது. அந்தச் சொல்லில்தான் அத்தனை நாளும் அவனைத் தேடுகிற கயிறு கட்டியிருந்தது. அதைத் தன் விரலாலேயே அறுத்துவிட்டு, ஊதாச் சேலை வேறு கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

அவள் தவழ்ந்துபோய் ஆள்தேடியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "உன்னத் திருப்பிக் கூப்பிட்டப்ப நீ எங்க இருந்த?"

"தெற்கே, பவளத்திட்டுகளுக்கு அப்பால். ஓர் ஒலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்."

"என்ன ஒலி?"

"மனிதக் குரலாக இருக்கலாம். பறவையாகவும் இருக்கலாம். தெரியவில்லை."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழியை உடைத்தவள் அவளே. ஜெசிந்தா எழுந்து ஐஸ் ஆலைக்கு ஓடினாள். தொம்மையும் பவுலினும் பின்னால் ஓடினார்கள்.

"கஸ்பார் இருக்காவன்னு எதை வச்சுச் சொன்ன? காரணம் காட்டு" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

கணி மறைக்கவில்லை. கேட்டால் எதையும் சொல்லும். கேட்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. "கஸ்பாரின் மீன்பங்கு ஒரு வாரமும் தவறாமல் பெறப்பட்டுள்ளது. இறந்தவர் பங்கு பெறுவதில்லை."

தொம்மை தலையில் அடித்துக்கொண்டான். கடலில் காணாமல்போனவனுக்கு, அவன் கூட்டாளிகள் ஒதுக்கிவைக்கிற பங்கு அது. கடல் பதில் சொல்கிறவரை பங்கை நிறுத்தக்கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். ஏலத்துக்கு முன்னால் கூடையிலிருந்து நாலு மீனை எடுத்துத் தனியே வைத்து, இது கஸ்பாருக்கு என்று சொல்லி மதினியிடம் கொடுத்தது அவன்தான்.

"அவரது ரத்த அழுத்த மாத்திரைகள் மாதந்தோறும் வாங்கப்பட்டுள்ளன" என்று கணி தொடர்ந்தது. ஜெசிந்தா வாங்கிவைத்தவை. திரும்பிவந்தால் உடனே வேண்டுமே. "அவரது கைப்பேசிக்கு அன்றாடம் பேச்சு அனுப்பப்படுகிறது." அதுவும் அவள்தான். இன்றைக்கு என்ன குழம்பு, யார் வீட்டில் என்ன சண்டை என்று அணைந்துகிடக்கிற அவன் எண்ணுக்குத் தினமும் சொல்லிவைப்பாள். "ஒருவரைக் குறித்து இத்தனை செயல்கள் நடந்துகொண்டிருக்கும்போது அவர் இருக்கிறார் என்பதே பொருத்தமான முடிவு."

"அடப் பாவி, அதெல்லாம் நானு!" என்றாள் ஜெசிந்தா. "எனக்குத் தெரியாததக் கேட்டா, என் ஆசையவே எனக்குத் திருப்பித் தந்தியா?"

பவுலின் அவளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் குரல் மெதுவாக இருந்தது. "எந் தம்பி சந்தியாகு செத்தான்னு எப்படிச் சொன்ன?"

"அவரது பங்கைப் பெற எவரும் வரவில்லை. அவரைக் குறித்து எவரும் எதுவும் செய்யவில்லை."

"நான் அவங்கூடப் பேசாம இருந்தேன். அதுக்காவ அவனைச் சாவடிச்சுட்டியா?" பவுலின் சுவரில் சாய்ந்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். "நானும் அடக்கம் பண்ணிட்டேனே. உசுரோட இருக்கானான்னுகூடப் பார்க்காம பண்ணிட்டேனே."

ஜெசிந்தா ஆள்தேடி சொன்னதைச் சொன்னாள். தெற்கே ஒரு குரல் கேட்டிருக்கிறது. மனிதக் குரலாக இருக்கலாம். ஆள்தேடியைத் திரும்ப அனுப்பு என்றாள். இதைக் கேட்டால் கல்லும் இரங்கும் என்று நினைத்தாள்.

"நன்றி. இத்தகவல் சேர்த்துக்கொள்ளப்பட்டது" என்றது கணி. "கஸ்பார் இருக்கிறார் என்பது மேலும் உறுதியாகியுள்ளது. இருப்பவரைத் தேடத் தேவையில்லை."

"அப்ப செத்துட்டாவன்னு போட்டா?"

"இறந்தவரைத் தேட ஆள்தேடி அனுப்பப்படுவதில்லை. சந்தியாகுவினுடையதும் திரும்ப அழைக்கப்பட்டுள்ளது."

"தெரியலன்னு போடு. உன் காலப் பிடிக்கேன். தெரியலன்னு மட்டும் போடு."

"அப்படி ஒரு விடை என்னிடம் இல்லை."

மூலையில் பழசு கிடந்தது. ஜெசிந்தா போய் அதன் பொத்தானை அழுத்தினாள், திரும்பத் திரும்ப அழுத்தினாள். வெற்றுத் திரை வெளிச்சம் காட்டியது, அவ்வளவுதான். மாவட்டத்துக்குப் பேசினால் அங்கேயும் புதுசுதான் பதில் சொன்னது. மகிழ்நனின் எண்ணில், அவர் நலமாக இருக்கிறார், பிறகு பேசுவார் என்றது.

"படகு எடு, தொம்ம. நம்மளே போவம்" என்றாள்.

"எல்லைக்கு அந்தப்பக்கம் கணி திறந்துவிடாம எஞ்சின் ஓடாது மதினி. எதுக்குப் போறன்னு புதுசு கேக்கும். ஆளைத் தேடன்னா, காணாமப்போனவன் யாரும் இல்லியேங்கும்."

"பாய் கட்டிப் போவம்."

ஊரில் பாய் கட்டுகிற படகு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாதா திருவிழாவில் பாய்மரப் போட்டி விடுவதற்கென்று கஸ்பார் வைத்திருந்தது. அதை அலங்காரத்துக்கு ஓட்டுவார்களே தவிர ஆழ்கடலுக்கு யாரும் கொண்டுபோனதில்லை. தொம்மைக்குப் பயமாகத்தான் இருந்தது. மதினியின் முகத்தைப் பார்த்தபிறகு பாயைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பவுலின் தண்ணீர்க் கேனும் அவித்த கிழங்கும் கொண்டுவந்து படகில் வைத்தாள். "பத்திரமா வந்துருங்கட்டி" என்று ஜெசிந்தாவின் கையைப் பிடித்தாள். "உங்க ரெண்டு பேரையும் நான் கைவிடமாட்டேன். எந் தம்பிக்குப் பண்ணின தப்ப இனி ஒருத்தருக்கும் பண்ணமாட்டேன்."

முதல் நாள் காற்று நல்லபடியாகத் தள்ளியது. பவளத்திட்டுகளைத் தாண்டி ஆள்தேடி சொன்ன இடத்துக்கு மறுநாள் விடியலிலேயே வந்துவிட்டார்கள். ஜெசிந்தா எழுந்து நின்று, தொண்டை கிழிய அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருமுறை ஏதோ கேட்டது. கடற்காகம் என்றான் தொம்மை. அவுக என்றாள் அவள். மறுபடி கேட்கவில்லை. அந்தத் திசைக்குப் படகைத் திருப்பும்போதுதான் தெற்கிலிருந்து கருத்த காற்று ஒன்று விழுந்தது. திருவிழாவுக்கு வார்னிஷ் அடித்த பாய்மரம் அதன் முதல் அடியையே தாங்கவில்லை. முறிந்து விழுந்ததில் தொம்மையின் தோள் இறங்கிப்போனது. துடுப்புகளையும் தண்ணீர்க் கேனையும் கடல் எடுத்துக்கொண்டது.

காற்று போனபிறகு வெயில் வந்தது. நீரோட்டம் அவர்களை வெளியே வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. கரை எந்தப் பக்கம் என்பதை வெயிலை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. தொம்மை ஒரு கையால் வானொலியைத் திருகினான். அந்தச் சின்னப் பெட்டியில் கரையைக் கேட்கலாம். அங்கிருந்து கரைக்குப் பேச எட்டாது. சாயங்காலம் வழக்கமாக வருகிற ஊர்நிலை அறிவிப்பு வந்தது. அரிசி இருப்பு, நாளைய காற்று, ஐஸ் ஆலைக்குப் பழுது பார்க்கிற நேரம். பிறகு அவசரமே அறியாத அந்தக் குரல் அவர்கள் பெயரைச் சொன்னது.

"பவுலின் அவர்களின் கேள்விக்கு விடை. ஜெசிந்தா இருக்கிறார். தொம்மை இருக்கிறார். சிப்பிக்குடியில் காணாமல்போனவர் எவரும் இல்லை."

தொம்மை வானொலியை அணைத்தான். உதட்டை நனைக்கக்கூட அவனுக்கு எச்சில் இல்லை. "நமக்கு ஆள்தேடி வராது மதினி."

பவுலின் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ஜெசிந்தாவுக்கு, எதிரில் நின்று பார்ப்பதுபோலத் தெரிந்தது. செத்தார்கள் என்று கணி சொல்லிவிடக்கூடாதே என்ற பயத்தில், இரண்டு தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருப்பாள். இவர்கள் கைப்பேசிக்குப் பேசியிருப்பாள். இவர்கள் வீட்டு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருப்பாள். நாளைக்கும் செய்வாள், அதற்கு மறுநாளும் செய்வாள். அவள் அன்பு அத்தனையும் போய்ப் புதுசின் வயிற்றில் விழும்.

ஜெசிந்தா முறிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கரை இருக்கிற பக்கமாகத் திரும்பி, "சோறு வைக்காதட்டி பவுலினு!" என்று கத்தினாள். வைக்காவிட்டாலும் யாரும் வரப்போவதில்லை என்பது கத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.